பத்து வருட மாத்திரை, இரண்டு வருட ஊசி: டிஎம்டி மகனின் அம்மா எழுதுவது

2023-ல் என் மகளுக்குச் சீர் செய்தோம். மண்டபத்தில் தாய்மாமன் தட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்து உறவில் ஒரு பெரியம்மா, சக்கர நாற்காலியில் இருந்த என் மகனின் கன்னத்தைத் தடவி, "அக்காவுக்குச் சீருன்னு தம்பிக்கும் புதுச் சட்டையா சாமி?" என்று கேட்டார். அவன் சின்னக் குரலில், "நான் அண்ணனுங்க" என்றான். அவளுக்குப் பன்னிரண்டு, அவனுக்குப் பதினாலு. பார்த்தால் எட்டு ஒன்பது வயசுப் பையன் மாதிரிதான் இருந்தான்.

அன்றைக்கு ராத்திரி அவனைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, "பாப்பா பெரிய மனுசி ஆயிட்டா. நான் எப்பம்மா ஆவேன்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் போர்வையைச் சரி செய்தேன். மறுநாள் காலையில் ஹார்மோன் டாக்டரிடம் நேரம் கேட்டுப் போன் செய்தேன். அதை ஒரு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

என் மகனுக்கு டுஷென் தசைச் சிதைவு நோய். வீடுகளில் டிஎம்டி என்பார்கள். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம்தான் தசை நார்களைக் கிழியாமல் காக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பழுது வந்தால் ஒவ்வொரு அசைவிலும் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகி, அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் நிரம்பும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். என் மகனின் மரபணுவில் உள்ள 79 துண்டுகளில் 48 முதல் 50 வரை இல்லை. மூன்று துண்டு இல்லாததற்கு ஒரு வாழ்க்கையே மாறிப்போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாலு வயசில் அவன் கெண்டைக்கால் உருண்டு திரண்டு இருந்தது. "கால் பாரு, பயில்வான் மாதிரி" என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையில் ஏறி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுவான். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கூடுதலாக இருந்ததைப் பார்த்து ஒரு மருத்துவமனையில் ஈரல் பிரச்சினை என்றார்கள். ஆறு மாதம் ஈரலுக்கு மருந்து கொடுத்தோம், கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தோம். அந்த இரண்டு நொதிகளும் தசை உடைந்தாலும் ரத்தத்தில் கூடும் என்பதை யாரும் சொல்லவில்லை. 2014-ல் ஒரு குழந்தை மருத்துவர், அவன் எழுகிற விதத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, சிபிகே என்ற தசை நொதியின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். பதினெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. உங்கள் வீட்டில் ஆண் குழந்தை நடக்கத் தாமதமானாலோ, அடிக்கடி விழுந்தாலோ, படி ஏறக் கைப்பிடி தேடினாலோ, இந்தச் சிபிகே பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

மரபணுப் பரிசோதனையில் எனக்கும் அந்தப் பழுது இருப்பது தெரிந்தது. "சொந்தத்துல கட்டுனதாலதான்" என்று ஊர் பேசியது. நானும் என் கணவரும் சொந்தமே இல்லை. இந்த நோய் அம்மா வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது. சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் ஒன்றுதான். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அம்மாவிடம்கூடப் பழுது இருக்காது, புதிதாகவே உண்டாகும். இதை ஒவ்வொரு மாமியாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என்னைப் போல மரபணுவைச் சுமக்கும் பெண்கள் தங்கள் இதயத்துக்கும் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு இப்போது பரிசோதனை செய்யவில்லை. அவள் வளர்ந்து, புரிந்து, அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்தப் பரிசோதனையையும் ஆலோசனையையும் பல வருடங்களாகச் செய்துவருகிறது.

இனி மருந்துக்கு வருகிறேன்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் பயந்தோம். கிட்னி போய்விடும், முகம் வீங்கிவிடும், எலும்பு உளுத்துவிடும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டர் எழுதித் தந்த சீட்டை எட்டு மாதம் பீரோவில் வைத்திருந்தேன். அந்த எட்டு மாதத்தில் அவன் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினான். அதற்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன். 2015-ல், ஆறு வயசில், ஆரம்பித்தோம்.

அப்போது யாராவது எனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். இந்த மாத்திரை ஒரு ஹார்மோன். நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கிறது. அது தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பிரெட்னிசோலோன், டெஃப்ளசாகார்ட் இரண்டும் அந்தக் கார்ட்டிசாலின் வேலையைச் செய்யும் செயற்கை மருந்துகள். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு வேறு. அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வகை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

கார்ட்டிசால் வகை மருந்து நல்ல உடம்பில் நீண்ட நாள் போனால் தசையை மெலியச் செய்யும். ஆனால் டுஷெனில் தசையில் எரிந்துகொண்டிருக்கும் அழற்சியை அடக்கி, சேதத்தைத் தள்ளிப் போடுகிறது. இது ஊகம் இல்லை. 1989-ல் அமெரிக்காவில் 103 சிறுவர்களிடம் நடந்த ஆய்விலேயே, பிரெட்னிசோலோனின் இணை மருந்தான பிரெட்னிசோன் பலத்தைக் கூட்டுவது தெரிந்துவிட்டது. நோயை அது குணமாக்காது. நடை நிற்பதைச் சில வருடம் தள்ளிப்போடும், முதுகு வளைவதைக் குறைக்கும், மூச்சுக்கும் கைக்கும் பலத்தைக் காக்கும். அளவு எடையை வைத்துக் கணக்கிடுவது. டெஃப்ளசாகார்ட் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் என்றால் 0.75. அவன் அப்போது 20 கிலோ. டெஃப்ளசாகார்ட் ஆறு மில்லிகிராம் மாத்திரை மூன்று. காலை இட்லிக்குப் பிறகு கொடுப்போம். நம் உடம்பிலும் கார்ட்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதனால் காலை நேரம். ராத்திரி கொடுத்தால் தூக்கம் கெடும்.

பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் விடுகிற முறையும் உண்டு. பக்க விளைவு குறையுமே என்று நானும் அதைக் கேட்டேன். தினமும் கொடுப்பதே மேல் என்று எங்கள் டாக்டர் நின்றார். 2022-ல் ஐந்து நாடுகளில் 196 சிறுவர்களிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவும் அதையே சொன்னது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் உடம்பு வேறு. எடை கட்டுக்கடங்காமல் போன பிள்ளைகளுக்கு முறையை மாற்றியதையும் பார்த்திருக்கிறேன்.

எடை பார்ப்பதே ஒரு வேலை. நடந்த வரைக்கும் சரி. சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு எப்படி எடை பார்ப்பது? எங்கள் தெருமுனையில் அரிசி மண்டி இருக்கிறது. அங்கே மூட்டை நிறுக்கும் தரையோடு பதிந்த தராசு. மாதம் ஒரு தடவை அவனை நாற்காலியோடு அதில் ஏற்றுவோம். காலி நாற்காலி 17 கிலோ. மொத்தத்தில் அதைக் கழித்துவிட்டால் அவன் எடை. மண்டிக்கார அண்ணன் ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு எழுதித் தருவார், "என்ன சாமி, மூட்டை ஒரு கிலோ ஏறிப்போச்சு" என்பார். அந்தச் சீட்டுகளை எல்லாம் கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். டாக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பசி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு தருகிற பசி பிள்ளையின் குணம் இல்லை, மருந்தின் வேலை. ஏழு வயசில் ராத்திரி பதினோரு மணிக்குச் சோத்துப் பானை முன்னால் உட்கார்ந்து வெறும் சோறு அள்ளித் தின்றுகொண்டிருந்தான். நான் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு என் கோபத்தை மாற்றிக்கொண்டு அடுப்படியை மாற்றினேன். சோறு பாதி, காய் பாதி. ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் வீட்டுக்குள்ளேயே வராது. உப்பு குறைந்தால் வீக்கமும் ரத்த அழுத்தமும் குறையும். பசி என்று அழுதால் வெள்ளரி, மோர், அவித்த கொண்டைக்கடலை. இந்த விதி வீட்டில் எல்லோருக்கும். அவனுக்கு மட்டும் தனித் தட்டு வைத்தால் மனசு உடைந்துபோவான். மருந்து ஆரம்பித்த முதல் சில மாதம் காரணமில்லாத கோபமும் அழுகையும் இருந்தன. பள்ளி டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தது பெரிய உதவியாக இருந்தது.

இப்போது நான் எழுதப்போவதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

2018 ஆடி மாதம். அவனுக்கு ஒன்பது வயசு. காய்ச்சலும் வாந்தியும். காலையில் கொடுத்த மாத்திரையை அப்படியே வாந்தி எடுத்தான். பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். வயிற்றுப்போக்குக் கிருமி என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். "வயிறு புண்ணா இருக்கு, ஸ்டீராய்டை ரெண்டு மூணு நாள் நிறுத்தி வையுங்க" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். எனக்கும் அது சரி என்றே பட்டது. மூன்றாம் நாள் காலையில் அவனை எழுப்பினேன். கண்ணைத் திறந்தான், திரும்ப மூடிக்கொண்டான். கை ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது, நெற்றி முழுக்க வேர்வை. "அம்மா, லைட்டு போடு" என்றான். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

வேறு பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். அவசர சிகிச்சையில் இருந்த இளம் டாக்டரம்மா கோப்பைப் புரட்டிவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "மாத்திரை உள்ள போய் எத்தனை நாளாச்சு?" ரத்த அழுத்தம் கீழே, சர்க்கரை 41. கார்ட்டிசாலையே ஊசி மருந்தாக்கிய ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மில்லிகிராம் நரம்பில் போட்டு, டெக்ஸ்ட்ரோஸும் சலைனும் வேகமாக ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணி கேட்டான்.

என்ன நடந்தது என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். வெளியிலிருந்து ஹார்மோன் தினமும் வந்துகொண்டே இருந்தால், உடம்பு தன் சொந்தக் கார்ட்டிசாலைச் சுரப்பதை நிறுத்திவிடும். சுரப்பி தூங்கிப்போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசாலே இருக்காது. சாதாரண நாளிலேயே ஆபத்து. காய்ச்சல், வாந்தி, எலும்பு முறிவு, ஆபரேஷன் என்றால் உடம்புக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்ட்டிசால் தேவைப்படும், அந்த நேரத்தில் உயிரே போய்விடும். சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுத்த எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும். நிறுத்த வேண்டி வந்தால் டாக்டர் சொல்படி பல வாரம், பல மாதம் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நடைமுறை இதுதான். மாத்திரை தந்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் திரும்பத் தருவோம். அதுவும் வந்துவிட்டால் காத்திருக்க மாட்டோம், ஊசிக்குக் கிளம்பிவிடுவோம். ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்துப் புட்டி, சிரிஞ்சு, கரைக்கும் தண்ணீர். காலாவதித் தேதியைப் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். தொடையில் ஊசி போட நானும் என் கணவரும் நர்ஸிடம் கற்றுக்கொண்டோம். அவசர அளவாக எங்களுக்கு எழுதிக் கொடுத்தது, மூன்று வயசுக்குள் 25, பன்னிரண்டு வரை 50, அதற்கு மேல் 100 மில்லிகிராம். உங்கள் பிள்ளைக்கான அளவை உங்கள் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். ஒரு லேமினேட் அட்டை நாற்காலியின் பின்பையில் எப்போதும் இருக்கும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். தினசரி ஸ்டீராய்டு எடுப்பவன், நிறுத்தக் கூடாது, அவசரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் இவ்வளவு, மயக்க மருந்து தர நேர்ந்தால் சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தைத் தரக் கூடாது என்று எழுதி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும். வெறும் வாயால் சொன்னால் பல இடங்களில் அம்மாவின் பேச்சு எடுபடாது. முத்திரை வைத்த காகிதம் எடுபடும்.

சின்னம்மை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கு அது கடுமையாகலாம். மருந்து தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது. வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது அம்மை வந்தால், வேப்பிலை கட்டிக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரையும் பார்த்துவிடுங்கள். அம்மனுக்குக் கோபம் வராது.

பதின்மூன்று வயசு வரை நடந்தான். 2022-ல் ஒரு நாள் ரேழியில் நின்றவன் அப்படியே உட்கார்ந்தான், அதோடு சரி. "இனி நடக்கப் போறதில்ல, எதுக்கு இந்த மாத்திரை?" என்று எல்லோரும் கேட்டார்கள். கை தட்டை எடுக்கிறது, மூச்சு இருமலை வெளியே தள்ளுகிறது, அதெல்லாம் தசை இல்லையா? தொடர்ந்தோம். இன்றும் அவனாகவே சாப்பிடுகிறான்.

அதே வருடம் முதுகு வலி என்றான். எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்புகள் அமுங்கியிருந்தன. விழவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நொறுங்கியிருக்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பை அப்படிச் செய்யும். நடை நின்றதும் இன்னும் மெலிந்துவிடும். வலி இல்லாமலும் இது நடக்கும் என்பதால் பக்கவாட்டில் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், யாரும் தானாக ஞாபகப்படுத்துவதில்லை. வைட்டமின் டி அளவைச் சரிசெய்து, பல் டாக்டரிடம் காட்டிவிட்டு, எலும்பைக் காக்கும் ஸோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸ் போட்டார்கள். முதல் தடவை அன்று ராத்திரியே நல்ல காய்ச்சல், உடம்பு வலி. அது வரும் என்று முன்பே சொல்லி, ஸ்டீராய்டு அளவையும் இரண்டு நாளுக்குக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். 2018 நினைவில் நான் அன்று தூங்கவில்லை.

இப்போது அந்தச் சீருக்கு மறுநாளுக்கு வருகிறேன்.

ஹார்மோன் டாக்டர் அவனிடமே பேசினார், என்னிடம் இல்லை. "தம்பி, மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் எல்லாப் பையனுக்கும், இனி நீ பெரியவனாகலாம்னு உத்தரவு அனுப்பும். உன் மாத்திரை அந்த உத்தரவைத் தடுத்து வச்சிருக்கு. உன் மேல தப்பில்ல" என்றார். அவன் முகத்தில் அன்று ஓடிய நிம்மதியை நான் மறக்க மாட்டேன். நோயால்தான் தான் இப்படியே நின்றுபோனோம் என்று அதுவரை நினைத்திருக்கிறான்.

இடது கை எக்ஸ்ரே எடுத்தார்கள். அவனுக்கு வயசு பதினாலு, எலும்புக்கு ஒன்பது. காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோனையும், பிட்யூட்டரி உத்தரவாக அனுப்பும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்களையும் பார்த்தார்கள். பருவ வளர்ச்சி எந்த அளவில் இருக்கிறது என்று டாக்டர் நேரில் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. அதற்கு அவன் அப்பா மட்டும் உள்ளே போனார். பதினாலு வயசாகியும் வளர்ச்சி தொடங்கவில்லை என்றால் டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கலாம் என்றும், ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயசிலிருந்தே யோசிக்கலாம் என்றும் 2018-ல் வந்த டுஷென் சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதனால்தான் ஒரு வருடம் முன்பே போயிருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதினேன். பன்னிரண்டு முடிந்ததும் நீங்களே பேச்சை எடுங்கள். இதயம், மூச்சு, பிசியோதெரபி என்று ஓடும் வீட்டில் இது கடைசியாகத்தான் ஞாபகம் வரும். டாக்டர்களுக்கும் அப்படித்தான்.

உயரத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமே என்று என் தம்பி கேட்டான். டுஷெனில் அதை வழக்கமாகத் தருவதில்லை, பலன் உறுதியாகவில்லை என்றார் டாக்டர். நாங்கள் வற்புறுத்தவில்லை.

டெஸ்டோஸ்டிரோன் மாதம் ஒரு ஊசி. முதலில் 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டுவது. பையன்களுக்கு இயற்கையில் எப்படி மெதுவாக ஏறுமோ அப்படி ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு அதிகம் தந்தால் எலும்பின் வளர்ச்சி முனைகள் சீக்கிரம் மூடி, உயரம் அதோடு நின்றுவிடும். இங்கிலாந்தின் நியூகாசிலில் 15 டுஷென் பையன்களுக்கு இரண்டு வருடம் இப்படிப் படிப்படியாகக் கொடுத்துப் பார்த்து, நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். எங்களுக்குத் தந்த ஊசி மருந்து கடலை எண்ணெயில் கரைத்தது. நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று நர்ஸ் முதலிலேயே கேட்டார். எண்ணெய் என்பதால் கெட்டி, மெதுவாகத்தான் ஏறும். குளிர் நாளில் புட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிவிட்டுப் போடுவார். இடுப்புச் சதை குறைந்துபோயிருப்பதால் எங்கே குத்துவது என்று ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்த்துத் தேட வேண்டியிருக்கிறது.

இது ஸ்டீராய்டுக்கு மாற்று இல்லை. ஊசி போட்டால் எழுந்து நடப்பான் என்றும் யாரும் சொல்லவில்லை. எலும்புக்கு நல்லது. மற்றபடி, அவன் வயசை அவனுக்குத் திருப்பித் தருவது.

நாலைந்து மாதத்தில் வேர்வை நாற்றம் வந்தது. பிறகு பரு. எரிச்சல் கூடியது. கதவை இடித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்புவான். தங்கச்சியிடம் சண்டை. பதினாறு வயசுப் பையன் இருக்கிற எந்த வீட்டிலும் நடப்பதுதான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஊசிக்கு அடுத்த சில நாள் கோபம் கூடுகிறதா என்று மட்டும் நாட்காட்டியில் குறித்து வைத்தேன். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு, இதய எக்கோவை எப்போதும் போலத் தொடர்ந்தோம்.

நான் எதிர்பார்க்காத மாற்றம் குளியலறையில் வந்தது. பிறந்ததிலிருந்து அவனைக் குளிப்பாட்டியது நான்தான். ஒரு நாள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா வரட்டும்" என்றான். அவர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வர ராத்திரி ஒன்பது ஆகும். அது வரைக்கும் குளிக்காமல் காத்திருந்தான். மறுவாரமே அவர் காலை ஷிப்ட் மாற்றி வாங்கினார், சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது. இப்போது அப்பாதான் குளிப்பாட்டுகிறார். அவன் அறைக்கதவைத் தட்டிவிட்டுத்தான் நாங்கள் எல்லோரும் போகிறோம், மாமியார் உட்பட. தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்பதால் ஒரு பிள்ளையின் வெட்கத்தை நாம் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். ஊசி தொடங்கும் முன்பே இதை வீட்டில் பேசி வைத்துக்கொண்டால் நல்லது.

முன்பெல்லாம் போன் எடுத்தால் எதிர்முனையில் "மேடம்" என்பார்கள், "அம்மா இருக்காங்களா பாப்பா?" என்பார்கள். அதனால் போனே எடுக்க மாட்டான். போன தை மாதம் நான் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கரகரப்பாக ஒரு குரல், "ஆமா, வீட்லதான் இருக்கோம், வாங்க" என்றது. என் கொழுந்தனார் வந்துவிட்டார் போல என்று எட்டிப் பார்த்தேன். அவன்தான். "சிலிண்டர் வருதாம்மா. சார்னு சொன்னான்" என்றான். அதை அன்று சாயந்தரம் தங்கச்சியிடமும், அப்பாவிடமும், மண்டிக்கார அண்ணனிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். மாத்திரையும் ஊசியும் எங்களால் சமாளிக்க முடிகிற விலைதான். போக வர வண்டிச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களும்தான் பெரிய செலவு. தசைச் சிதைவு நோய் 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். செய்திகளில் வரும் 16 கோடி ரூபாய் ஊசி எஸ்எம்ஏ என்ற வேறு நோய்க்கானது. உறவினர்கள் அனுப்பும்போது பதறாதீர்கள். பெயர் ஒட்டாத வேர்ப்பொடிகளை மட்டும் வாங்காதீர்கள். ஒரு தடவை நாங்கள் வாங்கினோம், அதற்குள் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் ஹார்மோன் டாக்டரிடம் போயிருந்தோம். இரண்டு வருடம் முடிந்ததால் ஊசியை இனி எப்படிக் கொண்டுபோவது, கொஞ்ச நாள் நிறுத்தி அவன் உடம்பு தானாகச் சுரக்கிறதா என்று பார்க்கலாமா என்பதுதான் பேச்சு. ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை நான் தேதிவாரியாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான்.

"அம்மா, நீ வெளிய இரு. நான் டாக்டர்கிட்ட தனியா ரெண்டு கேள்வி கேக்கணும்."

கோப்பை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவுக்கு உள்ளே அந்தக் கரகரத்த குரல் கேட்டது, என்ன சொல்கிறான் என்று மட்டும் புரியவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று.